ஏழைப் பிள்ளையின் இருதயத்துக்கு யார் காவல்?

ஆண்டுதோறும் செப்டம்பர் 29-ந் தேதி உலக இருதய தினம் கொண்டாடுகிறார்கள். "எண்ணெயைக் குறை, காலையில் நட, கவலையை விடு" என்று கனவான்கள் உபதேசிக்கிறார்கள். நல்ல உபதேசந்தான். ஆனால் மேலூர் வயலில் நாற்று நடும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால், அவள் எந்த எண்ணெயைக் குறைப்பாள்? ஆரப்பாளையத்து ஒற்றை அறையில் வளரும் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் எத்தனை மைல் நடந்தால் அவன் இருதயம் தேறும்?

ஏழைப் பிள்ளைகளின் இருதயத்தை அரிக்கும் வியாதி ஒன்று உண்டு. அதன் பெயர் வாத ஜுரம். ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுக்கும் அறையில் தொண்டைப் புண் கிருமி எளிதாகப் பரவுகிறது. மருந்து கொடுக்காவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வலி இடம் மாறும். "வளர்கிற வயசு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். மூட்டு ஆறிவிடும், கெட்ட வால்வு பலருக்கு ஆறுவதில்லை. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே தாக்கும் இந்நோய், பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில்தான் வெளியே தெரிகிறது. உலகில் சுமார் 5½ கோடிப் பேர் இதனால் அவதிப்படுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,60,000 பேர் மடிகிறார்கள்.

மருந்து இல்லையா? இருக்கிறது, பென்சிலின்! தொண்டைப் புண்ணிலேயே கொடுத்தால் ஜுரம் வராது. ஜுரம் கண்ட பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஓர் ஊசி வீதம் பல ஆண்டுகள் போட்டால் மறுபடி தாக்காது. சொற்ப விலை மருந்து. அதுதான் அதன் குற்றம்! கொள்ளை லாபம் தராத சரக்கில் முதலாளிக்கு என்ன அக்கறை? 1954-ல் பிம்பிரியில் பொதுத்துறை மருந்து ஆலை நிறுவிய நாடு, பின்னர் அதை நலியவிட்டு, பென்சிலினுக்கு அந்நிய இறக்குமதியிடம் கையேந்தியது.

முடியாது என்போருக்குக் கியூபா பதில் சொல்லிற்று. அங்கே பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986-ல் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேருக்கு 2.27 பேர் வீதம் இந்த இருதய நோய் இருந்தது. 1996-ல் அது 0.24 ஆகக் குறைந்தது. மக்களுக்குப் போதனை, நோயாளிப் பதிவேடு, தவறாத ஊசி. அமெரிக்கத் தடைக்கு நடுவே சாதித்த சாதனை இது!

நாம் கேட்பது என்ன? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பென்சிலின் ஊசி இருப்பில் இருக்கவேண்டும். கூலி இழக்காமல் பிள்ளையை அழைத்துவர மாலையிலும் டாக்டர் இருக்கவேண்டும். 2013-ல் வந்த பிள்ளைகள் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் இந்நோய் இருக்கிறது. ஏட்டில் உள்ளது ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேரவேண்டும். காற்று புகும் வீடு வேண்டும்.

தோழர்களே! ஜுரத்தோடு தொண்டை வலித்தால் பிள்ளையை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலி இடம் மாறினால், மூச்சு வாங்கினால், மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து இல்லை என்றால் தனியாகத் திரும்பாதீர்கள். சங்கத்தோடு திரும்பி வாருங்கள்!