கதவும் தெரியட்டும்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியளவில் ஜெர்மனியின் பெரிய இரயில் நிலையம் எதிலேனும் போய் நிற்பவர் ஒரு காட்சியைக் காண்பார். தோளில் ஒரே ஒரு பை, கழுத்தில் காமிரா. இருவர் இருவராகவும், பிள்ளைகளோடு குடும்பமாகவும் மக்கள் நடைமேடைக்கு விரைவர். தொலைதூரப் பயணமா, உறவினர் வீட்டுத் திருமணமா என்று வினவினால் இரண்டுமில்லை என்பர். வேறொரு நகரத்தை இரண்டு நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவே வீடு திரும்பும் சிற்றுலா அது. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் அலுவலகத்தில் இருப்பர்.

இப்பழக்கத்திற்கு இரயில் நிர்வாகமும் ஒரு காலத்தில் கைகொடுத்தது. 1995ஆம் ஆண்டு வார இறுதிச் சீட்டு ஒன்றை வெளியிட்டனர். பதினைந்து மார்க் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினால் ஐந்து பேர், சனி ஞாயிறு இரு நாளும், நாடெங்கும் சாதாரண வண்டிகளில் போய்வரலாம்! நாளடைவில் அதன் விலை ஏறிற்று. இரு நாள் ஒரு நாளாகச் சுருங்கிற்று. 2019இல் அச்சீட்டே நின்றுபோயிற்று. பின்னர் 2023 மே மாதத்தில் 49 யூரோ விலையில் மாதச் சீட்டு ஒன்று வந்தது. அதைக் கொண்டும் விரைவு வண்டிகளில் ஏற முடியாது. வட்டார வண்டிகளில்தான் செல்லலாம். ஆனால் அவசரமில்லாதவனுக்கு மெதுவாகச் செல்லும் வண்டியே நல்ல வண்டி.

சென்ற ஆண்டுக் கோடையில் ரைன் நதியோரப் பங்கு ஒன்றின் குரு விடுமுறையில் சென்றபோது, அவரது இடத்தில் சில வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர் திரும்பிவந்த பின்னரும் நாம் தாயகம் திரும்ப மூன்று வாரம் எஞ்சியிருந்தது. பங்குக் குருவுக்கு வார இறுதி என்றால் வேலை நாள் என்பதை வாசகர் அறிவர். குருப்பட்டம் பெற்ற இத்தனை ஆண்டுகளில் சனியும் ஞாயிறும் ஒருசேர நம் கையில் ஓய்வாக விழுந்தது அப்போதுதான். மூன்று வார இறுதி, மூன்று நகரம் என்று தீர்மானித்தோம். தங்கையின் மகன் புறப்படும்போது இரவலாகக் கொடுத்த காமிரா பெட்டியின் அடியில் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டோம்.

நம் தந்தையாரிடம் ஆக்ஃபா கிளிக் காமிரா ஒன்று இருந்தது. வாசகரில் நடுவயதைக் கடந்தோர் பலர் அந்தக் கறுப்புப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று, ஊர்த் திருவிழாவுக்கு நான்கு, பாட்டியாருக்கு ஒன்று என்று தந்தையார் பங்கிட்டு வைப்பார். எண்ணி எண்ணித்தான் பொத்தானை அழுத்துவார். இரவல் காமிராவில் ஆயிரம் படத்துக்கு மேலும் இடமிருந்தது. கொலோன் நகரில் முதல் நாள் மாலைக்குள் நானூற்றுப் பத்து எடுத்திருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

கொலோன் இரயில் நிலையத்தைவிட்டு வெளியே கால் வைத்ததும் பேராலயம் எதிரே நிற்கும். எதிரே என்பதுகூடச் சரியன்று, தலைக்குமேல் நிற்கும். 157 மீட்டர் உயரம். முற்றத்தில் எங்கே நின்றாலும் இரு கோபுரங்களும் படத்துக்குள் அடங்குவதில்லை. காமிராவை நிமிர்த்தினால் கோபுரங்கள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவன போலத் தோன்றும். விவரமறிந்தோர் முற்றத்தில் மல்லாடுவதில்லை. பேராலயத்தின் பின்புறமுள்ள ஹோஹென்சோலர்ன் பாலத்தை நடந்தே கடந்து, ரைனின் மறுகரையான டாய்ட்சுக்குச் சென்று அங்கிருந்து எடுக்கின்றனர். கோடையில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் நிற்கும். வானம் கருநீலமாகி, பாலத்து விளக்குகள் ஆற்றில் விழும் அந்தக் கால் மணி நேரத்துக்காகக் கரையில் பத்திருபது பேர் முக்காலிகளை நிறுத்திக் காத்திருந்தனர். நாமும் அவர்களோடு நின்றோம்.

இப்பேராலயத்தின் பணி 1248இல் தொடங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டில் பணம் வற்றிப் பணி நின்றது. கட்டி முடியாத தென்கோபுரத்தின் உச்சியில் கல் தூக்கும் பெருமரப் பொறி ஒன்று மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் நின்றுகொண்டிருந்தது. 1868இல்தான் அதை இறக்கினர். 1880இல் பேராலயம் முற்றுப்பெற்றது. 1850களில் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் அப்பொறியை இன்றும் காணலாம். குறையாகக் கிடந்த கோவிலை அன்றைய புகைப்படக்காரர் மறைக்கவில்லை; அதனால் நமக்கு அது கிடைத்தது. நாமோ, சுவரின் ஒரு மூலையில் இருந்த சாரம் படத்தில் விழாதபடி ஒதுங்கி ஒதுங்கி எடுத்துக்கொண்டிருந்தோம்! பேராலயப் பட்டறையின் கல்தச்சர்கள் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பகுதியைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பதால் சாரமில்லாத பேராலயத்தைக் காண்பதே அரிது. பேராலய வேலை முடிகிற நாளில் உலகமும் முடியும் என்பது அவ்வூரார் வழக்கு.

சாரத்தை மட்டுமா ஒதுக்கினோம்? மனிதரையும் ஒதுக்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும். அதிகாலையில் தெருக்கள் வெறிச்சென்றிருக்க, காமிராக்காரர்க்கு அது பொன்னான வேளை. ஆயினும் ஒரு கிழவர் நாயுடன் வருவார். ஒரு பெண் மிதிவண்டியில் குறுக்கே செல்வாள். இவர்கள் நகரட்டும், நகரட்டும் என்று பொறுமையின்றிக் காத்து நிற்போம். கல் மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்பதே அன்றைய நம் மனநிலை.

அந்த ஞாயிறு நண்பகலில்தான் நம்மைத் தலைகுனியவைத்த நிகழ்ச்சி நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் கொலோனின் பழைய நகரம் ஏறக்குறைய தரைமட்டமாயிற்று. பேராலயம் பதினான்கு பெருங்குண்டுகளைத் தாங்கியும் நின்றது. அதற்குச் சிறிது தூரத்திலுள்ள புனித கொலும்பா கோவில் இடிந்து விழுந்தது. விழுந்த கோவிலில் தேவமாதாவின் சுரூபம் ஒன்று மட்டும் தன் தூணில் நின்றபடியே இருந்தது. அதைச் சுற்றிக் கோட்ஃப்ரீட் பூம் என்ற சிற்பி 1950இல் ஒரு சிறு செபக்கூடம் கட்டினார். இடிபாடுகளின் தேவமாதா என்று மக்கள் அதை அழைக்கின்றனர். 2007இல் திறக்கப்பட்ட கொலும்பா அருங்காட்சியகம் அந்தச் செபக்கூடத்தையும் பழைய சுவர்களையும் தன்னுள் அணைத்துக்கொண்டு நிற்கிறது. தெருவிலிருந்தே உள்ளே நுழையலாம்.

உள்ளே இருள். மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முன் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் நின்றிருந்தார். திரிகளின் ஒளி அவரது கன்னத்தில் விழுந்திருந்தது, கன்னம் ஈரமாயிருந்தது. ஐயோ, எப்பேர்ப்பட்ட படம் என்று தோன்றிற்றே அன்றி வேறொன்றும் நமக்குத் தோன்றவில்லை. பொத்தானை அழுத்தினோம். அந்த அமைதியில் காமிராவின் ஓசை பூட்டைத் திறந்ததுபோல் கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நாம் வெளியே வந்தபின் பின்தொடர்ந்து வந்து, "ஐயா, அந்தப் படத்தைக் காட்டுவீர்களா?" என்றார். காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "நன்றாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்றார். அவர் முன்னிலையிலேயே அழித்தோம். நன்றி கூறிவிட்டு மீண்டும் உள்ளே சென்றார். நாம் ஒரு குரு என்று அவரிடம் சொல்ல நாவெழவில்லை.

நம் பங்கில் திருமணத் திருப்பலியின்போது பீடத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் புகைப்படக்காரரை எத்தனை முறை கடிந்திருக்கிறோம்! "இது ஸ்டூடியோ அன்று, தம்பி" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னதுண்டு. அந்தத் தம்பிமார் எவரேனும் அன்று கொலோனில் நம்மைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர்?

ஒருவரது உருவம் அவருக்கே உரியது என்று ஜெர்மானியச் சட்டம் ஒன்று கூறுகிறது. அதற்கு ஒரு கதையுண்டு. முன்னாள் முதலமைச்சர் பிஸ்மார்க் 1898 ஜூலை 30ஆம் நாள் ஹாம்பர்க்கை அடுத்த தம் இல்லத்தில் காலமானார். அன்றிரவே இரண்டு புகைப்படக்காரர்கள் திருட்டுத்தனமாக அவ்வறைக்குள் புகுந்து, படுக்கையில் கிடந்த சடலத்தைப் படமெடுத்து, விற்க முயன்றனர். வழக்கு நடந்தது, படங்கள் பறிமுதலாயின, அவர்கள் சிறை சென்றனர். ஆயினும், வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததுதான் குற்றமாயிற்றே ஒழிய, படமெடுத்த செயலைக் குற்றமென்று கூற அப்போது சட்டமில்லை. அக்குறையை நீக்க 1907இல் சட்டம் பிறந்தது. ஒருவரது படத்தை அவரது இசைவின்றிப் பரப்பலாகாது என்கிறது அது. ஊர்க்காட்சியை எடுக்கும்போது தற்செயலாக வந்து விழும் வழிப்போக்கர்க்கு அது பொருந்தாது. சட்டம் தடுப்பது பரப்புவதை மட்டுமே, நாம்தான் பரப்பவில்லையே என்று வாதாடலாம். அந்த அம்மையார் சட்டத்தை எடுத்துக்காட்டிப் பேசவில்லை.

அடுத்த வாரம் நியூரம்பெர்க். கூச்சம் தெளியாமையால் காமிராவைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. மழை வேறு. ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509இல் வாங்கி, 1528இல் தாம் இறக்கும்வரை வாழ்ந்த வீட்டைக் கண்டோம். ஒரு சட்டத்தை நிறுத்தி, அதனூடே நூலை இழுத்து, கண்ணுக்குத் தெரியும் பொருளைத் தாளில் அப்படியே இறக்கும் வகையை 1525இல் தாம் அச்சிட்ட நூலில் அவர் படம் போட்டு விளக்கியிருக்கிறார். காமிராவுக்கு மூதாதை அது என்றே சொல்லத் தோன்றுகிறது. அவ்வளவுதான் இன்று நினைவில் நிற்கிறது. அரண்மனைக் குன்றின்மேல் நின்று பார்த்த கூரைகள் என்ன நிறம் என்று பின்னர் தங்கை தொலைபேசியில் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. காமிரா இல்லாவிட்டால் கண் நன்றாகப் பார்க்கும் என்று எழுதுவோர் உண்டு. நம் வரையில் அது மெய்யாகவில்லை.

மூன்றாம் வாரம் டிரெஸ்டனுக்குப் போனோம். எல்பே நதிக்கரையில் அமைந்த இந்நகர் காமிராக்களின் தாய்வீடு. எந்த லென்ஸின் வழியே படம் பதிகிறதோ அதே லென்ஸின் வழியே கண்ணும் பார்க்குமாறு அமைந்த எக்சாக்டா என்னும் 35 மில்லிமீட்டர் காமிரா 1936இல் இங்கேதான் செய்யப்பட்டது. பழைய எர்னமான் காமிராத் தொழிற்சாலை இப்போது தொழில்நுட்ப அருங்காட்சியகமாக உள்ளது.

1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு தொடங்கிய குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. மாண்டோர் 25,000 பேர் வரை இருக்கலாம் என்று 2010இல் வரலாற்றறிஞர் குழு ஒன்று அறிவித்தது. ரிச்சர்ட் பீட்டர் என்ற புகைப்படக்காரரின் ஆயிரக்கணக்கான படங்களும் அத்தீயில் அழிந்தன. அவர் நகரமன்றக் கோபுரத்தில் ஏறி, அதன் உச்சியிலிருந்த கற்சிலையொன்று கீழே கிடந்த இடிபாடுகளை நோக்கிக் கைநீட்டுவதுபோல் ஒரு படம் எடுத்தார். பலர் அதைச் சம்மனசு என்று எண்ணுகின்றனர். நன்மை என்னும் குணத்தின் உருவம் அது.

நகரின் நடுவே, 1743இல் கட்டிமுடிந்த லுத்தரன் சபையாரின் மாதா கோவில் தீயைத் தாங்கி ஒரு நாள் நின்று, பிப்ரவரி 15ஆம் நாள் காலையில் இடிந்து விழுந்தது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் கட்டத் தொடங்கி 2005 அக்டோபர் 30ஆம் நாள் அருச்சித்தனர். பழைய கற்களில் ஏறக்குறைய 3,800ஐ மீண்டும் பதித்துள்ளனர். கருத்த பழங்கற்களும் வெளிறிய புதுக்கற்களும் கலந்து நிற்பதைத் தெருவிலிருந்தே காணலாம். உச்சியிலுள்ள சிலுவையைச் செய்தவர் ஓர் ஆங்கிலேயப் பொற்கொல்லர். அவருடைய தந்தை அன்று குண்டுவீச வந்த விமானிகளுள் ஒருவர்.

வாயிற்கதவைச் செய்யும் வேளை வந்தபோது ஒரு சிக்கல் எழுந்ததாம். அது எப்படியிருந்தது என்பதற்கு மங்கலான குறிப்புகள்தாம் இருந்தன. அக்கோவிலில் மணமுடித்தவர்கள் கதவின் முன் நின்று படமெடுத்துக்கொள்வது வழக்கமாதலால், பழைய திருமணப் படங்களைத் தந்துதவுமாறு பொதுமக்களை வேண்டினர். படங்கள் வந்தன. மணமகளின் முக்காட்டுக்குப் பின்னே ஒரு சித்திர வேலை, மாமனாரின் தொப்பிக்கு மேலே ஒரு விளிம்பு, பூப்பிடித்த சிறுமியின் பக்கத்தில் ஒரு பலகை. இவற்றைக் கூட்டிச் சேர்த்துக் கதவைச் செய்து முடித்தனர்.

அந்தக் கதவின் எதிரே நாம் நெடுநேரம் நின்றோம். அந்தப் படங்களை எடுத்தவர் எவரும் கதவை எடுக்கவில்லை; மனிதரைத்தான் எடுத்தனர். நாமோ கொலோனில் கிழவரும் நாயும் அகலட்டும் என்று காத்திருந்தவர்.

அப்போது கைக்குழந்தையோடு ஓர் இளந்தம்பதியர் நம்மை அணுகினர். கணவர் தம் கைபேசியை நீட்டி, "எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா, ஐயா?" என்றார். மகிழ்ச்சியோடு வாங்கினோம். கதவு முழுதும் விழட்டும் என்று பின்னால் நகர்ந்தபோது மனைவி கையசைத்து, "கிட்டே வாருங்கள், ஐயா, நாங்கள் தெரிந்தால் போதும்" என்றார். அவர் விருப்பப்படியே கிட்டப்போய் ஒன்று எடுத்தோம். பிறகு, "உங்களுக்கு ஆட்சேபமில்லையென்றால் இன்னும் ஒன்று" என்று கேட்டு, பத்தடி பின்னே சென்றோம். மேல்வளைவிலிருந்து படிக்கட்டு வரை கதவு முழுதும் வந்தது. நடுவே கட்டைவிரல் உயரத்தில் மூவர்.

மனைவி வாங்கிப் பார்த்து, "இதில் குழந்தையின் முகமே தெரியவில்லையே" என்றார். அவர் அதை அழிக்கப்போகிறார் என்று எண்ணினோம். கணவர் எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்று கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.