மன்னார்க் குடிலில் ஓடவேண்டிய வண்டி எது?

ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் கையில் எத்தகைய விளையாட்டுப் பொருளைக் கொடுக்கிறது என்பதைக் கொண்டே, அச்சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பை அளந்துவிடலாம். நத்தார்க் காலத்தில் நம் கடைகளுக்கு வரும் விளையாட்டுப் புகையிரதத்தை எடுத்துக்கொள்வோம். செந்நிற எஞ்சின், கூரையெங்கும் உறைபனி, சாரதியின் இடத்தில் நத்தார்த் தாத்தா, சுற்றிவர ஊசியிலை மரங்கள். பாலன் குடிலின் ஓரத்தில் இவ்வண்டி வட்டமிடுவதைக் கண்டு பிள்ளைகள் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியோடு நமக்குப் பிணக்கில்லை. மன்னார்த் தீவின் ஒரு வீட்டில் இவ்வண்டி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்பதே நம் வினா. மார்கழியில் அத்தீவு அறிவது வாடைக்காற்றையும் மாரி மழையையுமே. அங்கே பனியென்பது புல்நுனியில் நிற்கும் துளியேயன்றிக் கூரையில் அடுக்காய்க் கிடக்கும் வெண்கட்டியன்று.

பழி மேனாட்டாருடையதன்று. 1891இல் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம், துண்டு துண்டாய்க் கூட்டி விரிக்கத்தக்க தண்டவாளத்தோடு விளையாட்டு வண்டியை லைப்சிக் சந்தையிற் காட்டிற்று. 1900இல் நியூயோர்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனத்தின் முதல் மின்வண்டி, கடைச் சாளரத்தில் வாடிக்கையாளரைக் கவரவே செய்யப்பட்டது. இங்கிலாந்தின் ஹோர்ன்பி வண்டிகள் 1920இல் வெளிவந்தன. இவற்றுக்கெல்லாம் முன்னரே, பென்சில்வேனியாவிற் குடியேறிய மொறேவியக் கிறித்தவர்கள், நத்தார் மரத்தடியில் குடிலைச் சுற்றி மலை, ஆலை, வீதி, வீடு என ஒரு நிலக்காட்சியையே அமைக்கும் வழக்கத்தை வளர்த்திருந்தனர். வண்டி வந்தபோது அந்நிலத்தில் அதற்கு இடம் ஆயத்தமாயிருந்தது. அவர்கள் தம் ஊரையே குடிலைச் சுற்றி அமைத்தனர்; தம் ஊரிற் பனி பெய்தமையாற் கூரையிற் பனி வைத்தனர். நாமோ அவர்தம் முறையை விட்டுவிட்டு, அவர்தம் பனியை மட்டும் விலைகொடுத்து வாங்கினோம்.

மன்னாருக்கெனப் புகையிரதம் இல்லாதிருந்தால் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரையான பாதையும் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கப்பலிற் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைந்தார். செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், திருக்கேதீஸ்வரம், மன்னார், தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் என நிலையப் பெயர்களை வரிசையாய்ச் சொன்னாலே மாவட்டத்தின் வரலாறு நம்முன் விரியும். மடு அன்னையிடம் செல்வோரும் கேதீச்சர நாதரிடம் செல்வோரும் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்பாதை சுமந்த துயரமும் பெரிது. 1964 டிசெம்பர் 22ஆம் நாள் இரவு, நத்தாருக்கு மூன்று நாளே இருக்கையில், வட இலங்கையைத் தாக்கிய சூறாவளி அக்கரையிலும் மோதிற்று. தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் வண்டியைக் கடல் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30இற் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. அவ்வாறு அனுப்பப்பட்டோர் தலைமன்னார்த் துறைக்கு இப்பாதையாலேயே வந்தனர். பிரிந்தோரின் அழுகுரல் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயரை ஈட்டிக்கொடுத்தது.

1990இற் போரினால் வண்டியே நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. இந்திய உதவியோடு தலைமன்னார் வரை பாதை மீண்டும் திறக்கப்பட்ட 2015 மார்ச் 14இற்குள் கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இடையிற் பிறந்த மன்னார்ப் பிள்ளை, தன் ஊரில் ஒரு வண்டியும் ஓடக் காணாமலே வாலிபம் எய்தியது. அப்பிள்ளைக்கு நாம் காட்டிய வண்டி எது? பனி மூடிய பொம்மையன்றோ!

‘குடில் புனிதமானது, பெத்லகேமிற் புகையிரதம் ஏது?’ என்பர் சிலர். 1223இல் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசியின் பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, அவ்வூரின் மாட்டையும் கழுதையையும் வைக்கோலையுமே கொண்டு அமைத்தார். நற்செய்தியைத் தம் ஊர் மக்களின் கண்முன் நிறுத்துவதே குடிலின் நோக்கமாயிருந்தது. மன்னார் வீதிகளிற் கழுதைகள் தாமாகவே திரிகின்றன. குடிலுக்கு வேண்டிய விலங்கு வாசலில் நிற்க, வேண்டாத பனியைத் தேடிக் கடைக்கு ஓடுவானேன்?

‘பண்டிகை நாளிற் பழந்துயரம் எதற்கு?’ என்பர் வேறு சிலர். நத்தார்க் கதையை அவர்கள் முழுமையாய்ப் படிக்கவில்லை என்றே கூறவேண்டும். குடிக்கணக்கில் பெயர் பதியவேண்டும் என்ற அரச கட்டளையால் நிறைசூலியொருத்தி நெடுவழி சென்ற கதை அது. பிறந்த குழந்தையோடு எல்லை கடந்து எகிப்துக்கு ஓடிய கதையும் அது. திருச்சபையோ, கொலையுண்ட மாசற்ற குழந்தைகளின் நினைவை டிசெம்பர் 28இல், பண்டிகை முடிந்த மூன்றாம் நாளே வைத்திருக்கிறது. ஒப்பந்தத் தாளோடு தலைமன்னார்த் துறையில் நின்ற தோட்டத் தொழிலாளியின் குடும்பத்தைக் காட்டிலும் அக்குடிலுக்கு நெருங்கிய உறவினர் யாவர்?

‘இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு’ என்னும் கூற்றே சற்று வலிமையுடையது. பெட்டி திறவாத வண்டிகளை அலுமாரியில் அடுக்கிவைத்து, அவற்றின் விலையேற்றத்தைக் கணக்கிடுவோரைப் பார்த்துச் சொன்னால் அது முற்றிலும் உண்மை. ஆயின் மன்னார் வண்டியைக் கடையில் வாங்க முயல்வோருக்கு ஒரு தடை நேரும். 1:76 என்ற அளவிற் சுருக்கினால், இலங்கையின் 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதை 22 மில்லிமீற்றராகும். அக்கரையில் அன்றிருந்த மீற்றர் பாதை 13 மில்லிமீற்றராகும். அவ்வளவில் ஓடும் வண்டிகளுக்குக் கடையில் விற்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். இக்கரைக்கும் பொருந்தாது; அக்கரைக்கும் பொருந்தாது. எனவே கையாற் செய்தலே வழி. பனை மட்டையைச் சீவினாற் சிலிப்பர் கட்டை கிடைக்கும். கடதாசி மட்டையில் நிலையம் எழும். சக்கர அச்சை நீட்டிப் பொருத்தப் பொறியியல் மாணவனுக்கு ஒரு விடுமுறை போதும். 106 கிலோமீற்றர் பாதையையும் அமைத்தால் 1.4 கிலோமீற்றர் நீளும். அது வேண்டா, பேசாலையும் தலைமன்னார் இறங்குதுறையும் போதும். வட்டத் தண்டவாளமும் வேண்டா. வட்டமிடும் வண்டி எந்த ஊரையும் சேர்வதில்லை. தலைமன்னார் வண்டிக்கோ சேரிடம் உண்டு, கடல் உண்டு, திரும்பி வரும் வழியும் உண்டு.

அயலிலிருந்து வந்ததெல்லாம் ஆகாதென்பதும் எம் கருத்தன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு வந்த கனேடிய டீசல் எஞ்சின்கள் கனடாவின் மாகாணப் பெயர்களையே தாங்கியிருந்தன. பனிநாட்டு எஞ்சின் நம் புழுதியை ஏற்று நம்முடையதாயிற்று. நம் குடில் மட்டும் ஏன் பனிநாடாக வேண்டும்?

சேகரிக்க விரும்பும் மாணவருக்கு வேலை காத்திருக்கிறது. பழைய பயணச் சீட்டு, நேர அட்டவணை, நிழற்படம் ஆகியவற்றைத் தேடுங்கள். நிலையங்களிற் பணிபுரிந்தோர், கப்பலேறிச் சென்றோரின் மக்கள், எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேறித் திரும்பியோர் ஆகியோரின் நினைவுகளை எழுதி வையுங்கள். அவர்களுள் முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர். விரிவுரையாளரும் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்காது வழிகாட்டுதல் வேண்டும். எத்தனை பெட்டி, எந்நிறம், யார் யார் ஏறினர் என்று அறியாமல் வண்டியைச் செய்ய இயலாது. அறிந்தபின் அவ்வரலாற்றை மறக்கவும் இயலாது. வரும் நத்தாருக்குள், மன்னாரின் ஒரு குடிலிலேனும் தலைமன்னார் வண்டி ஓடட்டும். அதன் பெட்டிகளில் எல்லா ஊராரும், எல்லாச் சமயத்தாரும், அனுப்பப்பட்டோரும் ஏறியிருக்கட்டும்.