எல்லாம் ஆன்லைன்ல இருக்காம்!

"எல்லாம் ஆன்லைன்ல இருக்கு மேடம், பாத்துக்கோங்க." மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். ஆன்லைன்ல எங்கே? தமிழிலா, இங்கிலீஷிலா? கேட்டு முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிற வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் ஸ்பீச் தெரபி, சாயங்காலம் ஆக்குபேஷனல் தெரபி, நடுவில் ஸ்கூலிலிருந்து "வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்று போன். இதில் எந்த விதி எப்போது மாறியது என்று கெஜட்டைத் தேடிப் படிக்க எந்த அம்மாவுக்கு நேரம் இருக்கிறது?

மாற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேரே கிடையாது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டபோதுதான் நம் பிள்ளைகளும் அதற்குள் வந்தார்கள். அதற்காக எத்தனை பெற்றோர் நடையாய் நடந்திருப்பார்கள்! ஆனால் அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மாற்றமும் எனக்கு எப்படித் தெரிந்தது? வாட்ஸ்அப் குரூப்பில், யாரோ ஒரு அம்மா பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரியில் போட்ட வாய்ஸ் நோட்டில்.

2023 ஏப்ரலிலிருந்து மத்திய அரசுத் திட்டங்கள் பலவற்றுக்கு யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள எண் கட்டாயம். 2024 அக்டோபரில் விதிகள் மறுபடி மாறின. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கொடுக்க ஒரு மாதம் என்றிருந்த கெடு மூன்று மாதம் ஆனது. யூடிஐடி கார்டின் நிறமும் விதியில் ஏறியது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40லிருந்து 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

சர்டிபிகேட் கேம்பில் என் பக்கத்தில் ஒரு பொண்ணு. மைக்கில் டோக்கன் நம்பர் அலறுகிற சத்தம் தாங்காமல், அவள் மகன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "மஞ்சக் கார்டுன்னா பணம் வராதாக்கா? நீலம் இருந்தாத்தானா?" ரேஷன் கார்டு மாதிரி நினைத்துவிட்டாள். யாருமே சொல்லாவிட்டால் வேறென்ன நினைப்பாள்? நிறம் சதவீதத்தைத்தான் காட்டும்மா, உதவித்தொகைக்கு விதி தனி என்று நான் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியவர் பத்தடி தள்ளி ஸ்டாம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்றாவது சொல்கிறார்களா? ஐசா என்று ஆட்டிசத்துக்கான ஒரு மதிப்பீடு. கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா என்று 40 விஷயங்களைப் பார்த்து மார்க் போடுவது. பெற்றோரிடம் நிதானமாகக் கேட்டுப் பண்ண வேண்டிய வேலை. கேம்ப் கூட்டத்தில் என்ன நிதானம்? "பேரு என்னப்பா?" என்றார்கள். "பேரு என்னப்பா" என்றான் என் மகன். சரி, அடுத்தவங்க வாங்க.

இன்கம்டாக்ஸிலும் இதே கதைதான். பழைய வரி முறையில், மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கிறவர்களுக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. புதிய முறையில் இது கிடையாது. 2023-24லிருந்து நாமாகப் பழையது வேண்டும் என்று சொல்லாவிட்டால் புதியதில்தான் கணக்குப் போடுவார்கள். எந்த முறை லாபம் என்பது அவரவர் சம்பளத்தைப் பொறுத்தது. ஆனால் இப்படி ஒரு கழிவு கைவிட்டுப் போகிறது என்று எந்த ஆபீஸ் ஹெச்ஆர் கூப்பிட்டுச் சொன்னார்?

நம் பிள்ளைகளுக்கான நிராமயா என்கிற அரசு ஹெல்த் இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபி செலவுக்கும் அதில் வழி இருக்கிறது. அந்தக் கேம்பில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் பேரையே கேள்விப்பட்டதில்லை. வயிறு எரியாதா?

ஒரு ஏ4 தாள் போதுங்க. தமிழில், பெரிய எழுத்தில். என்ன மாறியிருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, பழைய சர்டிபிகேட் செல்லுமா, எங்கே புதுப்பிக்கணும் என்று அச்சடித்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும் அன்றே கையில் கொடுங்கள். கீழே ஒரு போன் நம்பர் போடுங்கள். அடித்தால் எடுக்க ஒரு ஆளையும் உட்கார வையுங்கள்.