12 வருஷ மௌனம்

அயலான் நமது நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "இது எனக்கு அநுபவ பாத்தியதை" என்றால், வெறும் அடாவடி என்றெண்ணி வாளாவிருப்போர் பலர். சட்டம் அவ்விதம் எண்ணுவதில்லை. 1963-ம் வருஷத்திய காலவரையறைச் சட்டத்தின் 65-வது ஷரத்துப்படி, அயலானுடைய சுவாதீனம் விரோதமாக ஏற்பட்ட நாள் முதல் 12 வருஷத்துக்குள் சொந்தக்காரர் பிராது கொடுக்க வேண்டும். தவறினால், 27-வது செக்ஷன்படி அவருடைய பாத்தியதையே அழிந்துபோகும்.

ஸர்க்கார் நிலத்துக்கோ 30 வருஷம்! அந்நிய ஆட்சியின் 1908-ம் வருஷச் சட்டம் ஸர்க்காருக்கு 60 வருஷம் அளித்தது. சுதந்திர இந்தியா அதைப் பாதியாக்கிற்று. ஆனால் குடிகளுக்குச் சமமாக்கவில்லை. ஸர்வே இலாகாவும் வக்கீல்களும் உடைய ஸர்க்காருக்கு நீண்ட கெடு. பிழைப்பைத் தேடி வெளியூர் சென்ற குடியானவனுக்குக் குறுகிய கெடு. இது என்ன நியாயம்?

2008-ல் சுப்ரீம் கோர்ட்டே இச்சட்டத்தை அறிவுக்கொவ்வாதது எனக் கண்டித்து, மாற்றுவதைப் பற்றி ஆலோசிக்குமாறு மத்திய ஸர்க்காருக்குச் சொல்லிற்று. 2023-ல் சட்டக் கமிஷனோ மாறுதல் வேண்டியதில்லையென்று அறிக்கை செய்தது. இம்முடிவை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

அதுவரையில் சொந்தக்காரர்கள் விழித்திருப்பார்களாக. அநுமதியின்பேரில் இருப்பவனுக்கு இப்பாத்தியதை கிடையாது. ஆகவே அநுமதியை எழுத்து மூலமாக்கிக் கொள்க. பகிரங்கமாகவும், இடைவிடாமலும், விரோதமாகவும் அநுபவித்ததை ருசுப்படுத்தும் பாரம் அயலானுடையதே. ஆனால் வெறும் நோட்டீஸ் கெடுவை நிறுத்தாது. காலத்தில் கொடுத்த பிராதே நிலத்தைக் காக்கும்.