பாட்டி கையில் இருக்கும் பச்சை ஒரு ஆவணமா?

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் தேடுவது பெயரைத்தான். ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போனால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். எழுதிய குமாஸ்தா வேறு எழுத்தை மாற்றிப் போட்டிருப்பார். அந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கக்கூடிய ஒன்று, பச்சை குத்தல்!

நல்ல உதாரணம் ஆஸ்திரேலியா. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 கைதிகளை அங்கே கப்பலேற்றி அனுப்பியது. அதில் பெரும்பகுதி புகைப்படம் புழக்கத்துக்கு வராத காலம். ஒருவன் தப்பி ஓடினால் அடையாளம் தெரிய வேண்டுமே? அதனால் உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். எந்தக் கையில் என்ன எழுத்து, என்ன படம் என்பதுவரை.

இன்று அந்தக் கைதிகளின் எள்ளுப் பேரன் பேத்திகள் டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளை இணையத்திலேயே புரட்டுகிறார்கள். ஒரே பெயரில் இருபது ஜான் ஸ்மித்கள் இருந்தாலும், கையில் இருக்கும் இரண்டு எழுத்து மனைவியின் பெயரோடு பொருந்தினால் தேடல் சட்டென்று சுருங்கிவிடும்.

ஆனால் இங்கேதான் ஜாக்கிரதை தேவை. கையில் நங்கூரம் இருந்தால் மாலுமி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிறிஸ்தவ மரபில் நங்கூரம் நம்பிக்கையின் சின்னமும்கூட. அந்த இரண்டு எழுத்து மனைவியுடையதாக இருக்கலாம், அம்மாவுடையதாகவும் இருக்கலாம். காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில் சொன்னால், வவுச்சரோடு ஒத்துப் பார்க்காமல் எந்த என்ட்ரியையும் ஏற்கக் கூடாது. கல்யாணப் பதிவோ, ஞானஸ்நானப் பதிவோ ஒன்று துணைக்கு வேண்டும். பச்சை ஒரு துப்பு, அவ்வளவுதான். தீர்ப்பு இல்லை.

என்னை உறுத்துகிற விஷயம் இன்னொன்று. யாருடைய பச்சையை எழுதி வைத்தார்கள்? அரசாங்கம் கண்காணிக்க நினைத்தவர்களுடையதை! எந்த வம்புக்கும் போகாத ஏழையின் கையில் இருந்தது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது.

நம் கதையும் அதேதான். நம் பாட்டிகள் கையில் இருக்கிற கோலம், தேள், பெயர் எதுவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பாட்டி போனால் அதுவும் போச்சு. போட்டோ எடுத்தால் மட்டும் போதாது. எந்த வயதில், எந்த ஊரில், யார் குத்தியது, ஏன் இந்த வடிவம்? இந்த நாலு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்தப் போட்டோ வெறும் படம்தான்.

தயவுசெய்து அதை வைத்துச் சாதி கண்டுபிடிக்கக் கிளம்ப வேண்டாம். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் பெண்கள் ஒரே கோலத்தைப் பல வீடுகளில் குத்தியிருப்பார்கள்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் தன் கைதிக்குச் செய்ததை நாம் நம் பாட்டிக்குச் செய்யக் கூடாதா?