செஞ்சியைப் பகலில் பாருங்கள்



மார்கழி பிறந்துவிட்டால் போதும், நம் அலுவலகத்துக்கு வாசகர்களிடமிருந்து மலைப் பயணக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். ஊட்டியில் மே மாதம் அறை கிடைக்குமா, கொடைக்கானலுக்கு எந்த ரயில் வசதி, ஏற்காட்டுக்கு இரண்டு நாள் போதுமா என்று விதவிதமான கேள்விகள். முன்பெல்லாம் டிக்கெட்டும் அறையும் கிடைத்தால் பெட்டியைக் கட்டிவிடலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த மலைகளும் எத்தனை வண்டியைத்தான் தாங்கும்?

இந்த முறை நான் வேறொரு மலையைச் சொல்லப் போகிறேன். அங்கே குளிராது. தேயிலைத் தோட்டம் கிடையாது, படகுச் சவாரி கிடையாது, ஹோம்மேட் சாக்லேட்டும் கிடையாது. ஆனால் மறைமலைநகரில் விடிவதற்கு முன் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். செஞ்சியைத்தான் சொல்கிறேன்.

“அந்த வழியாகத்தானே கிரிவலத்துக்குப் போகிறோம்” என்பீர்கள். அதுதான் என் குறையே. கிளாம்பாக்கத்திலோ செங்கல்பட்டிலோ பஸ் ஏறி, மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் கண் அசந்து, விழிக்கும்போது திருவண்ணாமலை வந்திருக்கும். நடுவில் செஞ்சி இருட்டில் போய்விடும். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலை அந்தக் கோட்டையின் மலைகளுக்கு ஊடாகவே போகிறது. ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் ராஜகிரி. இவ்வளவு பக்கத்தில் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் பகல் வெளிச்சத்தில் இறங்கி நின்று பார்த்திருப்பார்கள்?

பாறை நமக்குப் புதிதில்லை. திருக்கழுக்குன்றம் வேதகிரி ஏறாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்ளாத பிள்ளையும் இல்லை. செஞ்சியில் அப்படிப்பட்ட உருண்டைகள் மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கருங்கல்லின் விரிசல்களில் நீர் புகுந்து, காலகாலமாக விளிம்புகள் மழுங்கி, இடையில் இருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனபின் மிஞ்சியவை இவை. யானையைவிடப் பெரிய கல் ஒன்று, இரண்டு கற்களின் நுனியில் சாவதானமாக உட்கார்ந்திருக்கும். கீழே நிற்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இந்தக் குவியல்களுக்கு நடுவே ஏறியும் இறங்கியும் ஓடுகிறது மதில். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் சேர்த்து வளைக்கும் அதன் நீளம் சுமார் 13 கி.மீ. மலை எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் ராணுவ அரண்கள் என்ற வகையில் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஜயநகர நாயக்கர்களிடமிருந்து பிஜாப்பூர் சுல்தானிடம் போன கோட்டையை 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் சம்பாஜி 1689-இல் கொல்லப்பட்டதும், இளைய மகன் ராஜாராம் தெற்கே தப்பி வந்து செஞ்சியிலிருந்தே அரசாண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார் என்பது தனிக்கதை.

ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் இது தேசிங்கு ராஜா கோட்டைதான். அந்த இளைஞன் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. கப்பம் கேட்ட ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மடிந்தான். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் எட்டாண்டு தாக்குப்பிடித்த ராஜாராமை விட்டுவிட்டு, சில மாதம் ஆண்ட தேசிங்கைப் பிடித்துக்கொண்டன.

ராஜகிரிதான் ஏற வேண்டிய மலை. உயரம் சுமார் 800 அடி. எண்ணைக் கேட்டு அசட்டையாக இருந்துவிடாதீர்கள், படிகள் செங்குத்து. சில இடங்களில் ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். பலர் அங்கேயே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கிற பிளவு. மலை அங்கே வெட்டினாற்போல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் குறுக்கே ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு. கீழே எத்தனை ஆயிரம் படை நின்றாலும் மேலே ஒரு கைப்பிடி ஆட்கள் போதும். பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் அந்த முற்றுகை ஏன் எட்டாண்டு இழுத்தது என்று விளங்கும். மேலே ரங்கநாதர் கோயில், மணிமண்டபம், தானியக் கிடங்கு, ஒரு பீரங்கி. காற்று சேலையையும் துப்பட்டாவையும் இழுத்துக்கொண்டு போகும்.

இனி ஏற்பாடுகள். மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை, மாசி. அப்போதுதான் குளங்களில் தண்ணீர் இருக்கும், பாறை இடுக்குகளில் பச்சை இருக்கும். மே மாதம் போனால் பத்து மணிக்கே கல் அடுப்பாகிவிடும். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பது எனக்கும் தெரியும். பொங்கல் விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வாரநாளில் விடுப்பு வந்தால் இன்னும் நல்லது, கூட்டம் இருக்காது.

மறைமலைநகரிலிருந்து தூரம் 110 கி.மீ. போல. சொந்த வண்டியென்றால் ஐந்து மணிக்கே கிளம்பி, பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை சேர்வதற்கு முன் தாண்டிவிடுங்கள். திண்டிவனத்தில் இட்லி. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் செஞ்சி. ரயிலில் போகிறவர்கள் செங்கல்பட்டில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். செஞ்சிக்கு இன்னும் தண்டவாளம் வரவில்லை. கோட்டை வாசல் திறக்கும்போதே நீங்கள் நிற்க வேண்டும். முதலில் ராஜகிரி, மற்றதெல்லாம் அப்புறம். பிற்பகல் ஆகிவிட்டால் மேலே விடமாட்டார்கள். ஏறி இறங்கக் குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கடை கிடையாது. ஆனால் எதையும் கையில் கேரி பேக்கில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். ராஜகிரிக் குரங்குகளுக்கு அந்தப் பையின் சலசலப்பு தூரத்திலேயே கேட்கும். ஒன்று முன்னால் வந்து பல்லைக் காட்டும், நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பின்னாலிருந்து பையோடு போய்விடும். பிறகு மதில்மேல் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தின் நூலைப் பிரிக்கிற நிதானத்தை நாம் வேடிக்கை பார்க்கலாம். முதுகுப்பை, பூட்டிய ஜிப், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, இவ்வளவுதான் தேவை.

மூட்டு வலிக்காரர்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் சமதளத்திலேயே கல்யாண மகால் இருக்கிறது, மாடிக்கு மேல் மாடியாக. நெற்களஞ்சியத்துக்குள் பேசினால் குரல் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பும். குழந்தைகளை வெளியே இழுப்பது கஷ்டம். யானைக்குளத்தைச் சுற்றி நிழல் உண்டு. வேங்கடரமணர் கோயிலையும் பாருங்கள். அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துச் சென்ற தூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. திரும்பும்போது விழுப்புரம் சாலையைப் பிடித்தால் வழியில் மண்டகப்பட்டு வரும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுப்பித்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் சொல்லியிருக்கிற குடைவரை அங்கேதான் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதன் முன்கதையைக் காட்டிவிடலாம். கொஞ்சம் சுற்றுதான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: தெற்கிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகளெல்லாம் மாலையில் ஜி.எஸ்.டி. சாலையில்தான் நிற்கும். நான்கு மணிக்குள் திண்டிவனத்தைத் தாண்டிவிட்டால் தப்பித்தீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்