பொட்டலத்தின் பின்புறம்

காஜாங் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. மிஞ்சிய லயங்களில், பெரட்டுக்கு முன் அடுப்பேறுவது பெரும்பாலும் பொட்டல மீ. இரண்டு நிமிடத்தில் வேகிறது; பிள்ளையும் மறுபேச்சின்றித் தின்கிறது. இருட்டோடு பால்வெட்டப் போகும் தாயை இதற்காகக் குறைகூற நமக்கு மனமில்லை.

நாம் கேட்பது அந்தச் சுவைத்தூளைப் பற்றி. அஜினோமோட்டோ நஞ்சு என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. அவ்வளவு தூரம் போக நாம் தயாரில்லை. 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேடா கடற்பாசியில் கண்டறிந்த சுவை அது. தக்காளியிலும் இயற்கையாகவே உண்டு. 1987இல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, இதற்கு வரம்பு தேவையில்லை என்றது. 2017இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என வரம்பு கட்டியது. 20 கிலோ பிள்ளைக்கு 600 மில்லிகிராம். அறிஞர்களே ஒருமிக்காதபோது, பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் என்று அறியத் தாய்க்கு உரிமையில்லையா?

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன. ஆயினும் நாம் புரட்டிப் பார்த்த பொட்டலங்களில் 'அனுமதிக்கப்பட்ட சுவைகூட்டி' என்று மலாயில் ஒரு வரி, அல்லது 621, 627, 631 என எண்கள், அவ்வளவே. எத்தனை என்பது எதிலும் இல்லை. கண்ணாடி போட்ட கிராணியாரே திணறும் எழுத்து அது!

இந்தியாவில் 2015இல் நடந்ததைப் பாருங்கள். இத்தூள் சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்ட மேகியில் அது காணப்பட்டது, ஈயமும் மிகுதி என்றார்கள். ஜூன் 4ஆம் நாள் தமிழ்நாடு விற்பனையை நிறுத்தியது. மறுநாள் நாடெங்கும் தடை. ஆகஸ்டு 13ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கிவிட்டது. சோதனைச் சாலைகளுக்கு முறையான அங்கீகாரமில்லை, கம்பெனியின் பதிலைக் கேட்கவுமில்லை என்பது காரணம். போதாததற்கு, சேர்த்த தூளையும் கோதுமையில் இயற்கையாய் உள்ளதையும் சோதனையில் பிரித்தறிவது கடினம். ஆத்திரத்தில் போடும் தடை கம்பெனிக்கே சாதகமாகும் என்பது நம் கருத்து.

தூளைவிட உப்பே நம்மை அதிகம் கவலைப்படுத்துகிறது. பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பல பொட்டலங்களில் ஒன்றிலேயே 1,000க்கு மேல் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை இல்லாத லயம் எது?

ஆகவே தடை கேட்கவில்லை. சோடியமும் சுவைகூட்டியும் எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் முன்புறத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் அச்சிடச் சட்டம் வேண்டும். தோட்டக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கிச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பட்டும். அதுவரை பிள்ளையின் கோப்பையில் பாதித் தூளை மட்டும் போடுங்கள். ஒரு முட்டையும் கைப்பிடி கீரையும் சேர்த்தால் குறை தெரியாது.